தை மாதத்துக் கவாத்து

தீவில் ஜங்லிகாட் என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குண்டுமல்லிப் புதர் இருந்தது. எங்கள் சந்தில் மல்லிகை அது ஒன்றுதான். மெட்ராஸ் கப்பலில் எது வந்தாலும் பூ வராது. ஏற்றினாலும் வழியிலேயே கருகிவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா தீவிலேயே பிறந்தவர். பங்குனியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். புடவையைக் கூட மாப்பிள்ளை வீட்டார் விருப்பத்துக்கு விட்டுவிட்டவருக்கு ஒரே ஓர் ஆசை: மகள் தலையில் தன் செடியின் பூ இருக்க வேண்டும்.

நான் அரசாங்க வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து வந்த புதிது. வீட்டைச் சுற்றி எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் எனக்கு. மழை நின்ற தை மாதத்தில் பாத்திகளைக் கொத்தி, வேலியோரப் புல்லைச் செதுக்கி, குரோட்டன்ஸ் செடிகளை ஒரே உயரத்துக்கு வெட்டி முடித்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் கலைந்து கிடந்த மல்லிகை கண்ணை உறுத்தியது.

"அக்கா, இதைக் கவாத்து பண்ணணும். எங்க ஊர்ல மல்லித் தோட்டமெல்லாம் மார்கழியிலேயே மொட்டையா நிக்கும். இலையை உருவிக் கொப்பை வெட்டி விட்டா, பங்குனியில கூடை கூடையாப் பூக்கும்."

"அரே, வேணாம் அண்ணே. இங்க மழை நின்னுட்டா செடியத் தொட மாட்டோம். தினம் ஒரு கைப்பிடி பூக்குது. அதையும் கெடுத்துடாதீங்க."

"கைப்பிடிப் பூவுல கல்யாணமா? என்னை நம்புங்க."

அவர் சிரித்தார். "மெயின்லேண்ட்காரர் சொல்றீங்க, அதுலயும் பூ நாட்டுக்காரர். சரி, வெட்டுங்க."

நானே வெட்டினேன். முழங்கால் உயரத்துக்குச் சமமாக, இலை ஒன்று விடாமல். முடித்து நின்று பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அந்தத் திருப்தி இன்னும் ஞாபகத்தில் இருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் கவாத்து முடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் பாயும். சிறுவயது முதல் பார்த்ததால் அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே அது எனக்கு நினைவில் வரவும் இல்லை. இங்கே மாசி பிறந்ததும் தெருக்குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. மண் வெடித்தது. வெட்டிய குச்சிகள் குச்சிகளாகவே நின்றன.

அரிசி கழுவிய தண்ணீரையும் முகம் கழுவிய தண்ணீரையும் வேலி இடுக்கு வழியாக ஊற்றினேன். தென்னை ஓலையால் நிழல் கட்டினேன். மனைவி ஒருநாள் வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணி இல்ல. அவங்களா உங்களைக் கூப்பிட்டாங்க? நீங்களாப் போயி வெட்டினீங்கல்ல?"

அக்கா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணி காயப்போட வரும்போது செடிப் பக்கம் திரும்பாமலிருக்கப் பழகிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கல்யாணத்தன்று மணப்பெண்ணின் சடையில் பஜாரில் வாங்கிய வெள்ளைக் காகிதப் பூ. நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை குனிந்து முகர்ந்து பார்த்து, "பூ பளிச்சுனு இருக்கு, வாசனையைக் காணோமே" என்றார்.

சாம்பார் வாளியோடு நின்ற என்னை அக்கா கைகாட்டினார். "வாசனைக்கு அந்த அண்ணன்கிட்டதான் ஆர்டர் கொடுத்திருக்கோம் ஜி. மால் இன்னும் கப்பல்ல வந்து சேரல."

எல்லாரும் சிரித்தார்கள். மணப்பெண் மட்டும் சிரிக்காமல் சடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் அடுத்த இலைக்கு நகர்ந்தேன். அந்த வாரமே அவள் புருஷன் ஊரான திக்லிபூருக்குக் கப்பலேறினாள்.

வைகாசியில் மழை இறங்கியது. குச்சிகள் துளிர்த்து, ஆனியில் நான் சொன்னபடியே பூத்துத் தள்ளின. அக்கா ஒரு முறம் நிறைய மொட்டுகளை வேலிக்கு மேல் நீட்டினார்.

"இந்தாங்க அண்ணே, உங்க பூ."

குத்தலா அன்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பொண்ணுக்கு அனுப்பலாமே அக்கா."

"திக்லிபூர் போய்ச் சேரும்போது குப்பைதான் மிஞ்சும்."

மனைவி அதை அடர்த்தியாகத் தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அன்று மாலை கடைக்குப் போகும்போது தெருவெல்லாம் அந்த வாசனை; நான் அவளை விட்டு வேகமாக முன்னால் நடந்தேன்.

"எதுக்கு இப்படி ஓடுறீங்க?" என்றாள்.

மழை வரும் போலிருக்கிறது என்றேன்.