அரக்குப் புடவை

வெள்ளிமலை அக்காவை நினைத்தாலே மஞ்சள் கரை போட்ட ஓர் அரக்குப் புடவைதான் கண்முன் வருகிறது. அவர் தலைவியாக இருந்த பெண்கள் குழுவுக்குச் சாமையின் உமி நீக்கும் மிஷின் வேண்டியிருந்தது. இணையத்தில் பலரிடம் சிறுசிறு பங்காகப் பணம் திரட்டித் தருவதாக நான் சொல்லியிருந்தேன். லாபம் வந்தால் பங்கு போட்டவர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. விளம்பரத்துக்குப் படம் எடுக்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி மலைக்குப் போனேன். அக்கா தலைக்குக் குளித்து, பூ வைத்து, அந்தப் புடவையில் நின்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதைப் பார்த்து எவன் பணம் போடுவான்? “காட்டு வேலைக்குக் கட்டுற பொடவ ஏதாவது கட்டிக்கினு வாங்களேன்க்கா” என்றேன்.

“இன்னா தம்பி இது! நல்லபடியா நின்னாதான, வாங்குனத ஒழுங்கா திருப்பித் தருவாங்கன்னு நம்புவாங்க?”

எவ்வளவு சரியான பேச்சு! எங்கள் கடைவீதியில் எந்த வியாபாரியும் அதைத்தான் சொல்வார். மெத்தப் படித்த எனக்குத்தான் ஏறவில்லை. “இவங்கெல்லாம் வேற மாதிரிக்கா, கஷ்டத்தப் பாத்தாதான் குடுப்பாங்க” என்றேன். அவர் உள்ளே போய்த் தோளில் கிழிந்த புடவையோடு வந்தார். பூவை எடுக்கும்படி நான் சொல்லவே இல்லை. அவராகவே எடுத்திருந்தார்.

பணம் சேர்ந்தது, மிஷினும் வந்தது. குழு தவணை தவறாமல் பங்கை அனுப்பியது. நானோ அந்தப் படத்தைக் கூட்டத்துக்குக் கூட்டம் காட்டிக் கைதட்டு வாங்கினேன், வெட்கங்கெட்டவன்.

போன மாதம், பங்கு போட்ட இரண்டு பேரை ஜீப்பில் அழைத்துப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. மிஷின் கொட்டகை வாசலில் அக்கா அதே அரக்குப் புடவையில், நாலு பேருக்கு வேலை சொல்லிக்கொண்டு கம்பீரமாக நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் விறுவிறுவென்று பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போனார். திரும்பியபோது உடம்பில் பழைய கிழிசல்.

என்னைத் தனியே இழுத்தார். “ஒரு போன் பண்ணக் கூடாதா தம்பி? நல்ல பொடவையில பாத்துட்டாங்களே, ஏமாத்திட்டோம்னு நெனச்சிக்கப் போறாங்க.”

வந்தவர்கள் அக்காவோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். போய் அந்த அரக்குப் புடவையையே கட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செல்போனைத் தூக்கினேன். பின்னால், திறந்திருந்த வீட்டுக்குள் கொடியில், அவசரத்தில் வீசிய அரக்குப் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. அது படத்தில் விழாதபடி அக்காவே நகர்ந்து நின்று மறைத்துக்கொண்டார்.