காப்பாற்றப்பட்ட பால்

படிப்பு முடிந்த கையோடு சூரிச்சில் வேலை கிடைத்தபோது அம்மாவுக்கு நிலத்தில் கால் படவில்லை. அங்கேயே அறை எடுத்து இருக்கப் போகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது.

"எங்கட ஓல்டனில இருந்து சூரிச்சுக்கு அரை மணித்தியாலம்தானே ரெயின்," என்றார். "படுத்தெழும்புறதுக்கு ஆரும் அவ்வளவு வாடகை குடுப்பினமோ?"

"படுத்தெழும்ப இல்லை அம்மா. அங்க இருக்க."

"அப்ப இஞ்ச நீ இருக்கேல்லையோ?"

என்னிடம் பத்துப் பதில்கள் இருந்தன. வேலை முடிந்து நேரே ஏரியில் குதிக்கலாம், ரயில் நேரம் பார்த்துக் கதையைப் பாதியில் விட்டு எழும்ப வேண்டாம், என் வீட்டுக்கு நான் ஆட்களைக் கூப்பிடலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா கறிக்கு உப்புப் பார்த்தார். அதன்பிறகு சூரிச் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அங்கே அறை கிடைப்பது வேலை கிடைப்பதைவிடக் கஷ்டம். பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் படிக்கட்டு வரை வரிசை. உள்ளே, ஏற்கெனவே குடியிருப்பவர்கள் மேசையைச் சுற்றி இருந்து கேள்வி கேட்பார்கள்.

"பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லோ கிடக்கு," என்று அப்பா சிரித்தார். "பலகாரம்தான் குறை."

கடைசியில் என்னைத் தெரிவு செய்தவள் கூர் என்ற மலையூரிலிருந்து வந்து சூரிச் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிற, என் வயதுக்காரி.

இரவல் வாங்கிய வான் வண்டியில் அப்பா சாமான்களை ஏற்றினார். அம்மா வரவில்லை. அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அன்றைக்குக் கட்டாயம் நிற்க வேண்டுமாம். அன்றைக்கு அவருக்கு லீவு என்பது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

"கட்டிலைப் போட்டா கதவு திறக்காது. நல்ல பாதுகாப்பான அறை," என்றார் அப்பா. வானைத் திருப்பிக் கொடுக்க அவர் போனதும் வீடு திடீரென்று பெரிதாகத் தெரிந்தது.

நாங்கள் வீடு மாறிய போதெல்லாம் அம்மாவின் முதல் வேலை பால் காய்ச்சுவது. பொங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் அது நம்முடைய வீடு. நானே செய்து அம்மாவுக்குப் போனில் காட்டலாம் என்று பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால், நுரை விளிம்பைத் தொட்ட அந்தக் கணத்தில் கூர்க்காரி பாய்ந்து பாத்திரத்தைத் தூக்கிவிட்டாள்.

"காப்பாற்றிவிட்டேன்!" முகமெல்லாம் சிரிப்பு.

விளக்கிச் சொன்னேன். அவள் காது வரை சிவந்து, "வேண்டுமென்றே வழிய விடுவீர்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது அழுகை வரும் போலிருந்தது. அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"வழியேல்லையோ?"

"இல்லை. அவள் தூக்கிட்டாள்."

"ஒரு சொட்டும்?"

"ஒரு சொட்டும் இல்லை அம்மா. திரும்பக் காய்ச்சினா சரி வருமோ?"

மறுமுனையில் அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேரும் அடுப்பைத் தொடாதேங்கோ. நான் வாறன்."

குளிர்க் கோட்டுக்குள் நல்ல சேலை, கையில் புதுப் பாத்திரம், ஒரு பெட்டிப் பால். அம்மா நேரே குசினிக்குப் போனார். கூர்க்காரி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பால் ஏறியது, பொங்கியது, கறுப்புக் கண்ணாடி அடுப்பெல்லாம் வழிந்தது. அடுப்பு கீச்சிட்டுத் தானாகவே அணைந்தது.

"இப்ப சரி," என்ற அம்மா, சுவிஸ் ஜெர்மனில் அவளிடம், "இனிக் காப்பாற்றலாம்," என்று துடைக்கும் துணியை நீட்டினார். மூவரும் சீனி போட்டுக் குடித்தோம்.

பிறகு அம்மா என் கட்டிலில் அமர்ந்து பார்த்தார். ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். கீழே டிராம் போனது.

"சத்தம் கூட. நித்திரை வருமோ?"

"வரும்."

ரயில் நிலையத்தில், "இண்டைக்கு நிண்டிட்டுப் போங்கோவன்," என்றேன்.

"நாளைக்கு வேலை. முகத்தை ஏன் இப்பிடி வைச்சிருக்கிறாய்? அரை மணித்தியாலம்தானே."

அம்மாவை ரயிலில் ஏற்றிவிட்டேன். ரயில் நகரும்போது அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ தேய்க்கிற மாதிரிக் கை காட்டினார். பால் காய்ச்சிய பாத்திரம். ஊறப் போடாமல் வந்துவிட்டேன்.