வளைவுக்கு ஒரு வாழ்த்துப்பா

அங்கதம் என்பது அறிவுடையோர் கையிலுள்ள சாட்டை என்று உயர்தர வகுப்பில் பலமுறை கூறியிருக்கிறேன். அடிபடும் முதுகுக்கும் உணர்ச்சி இருத்தல் வேண்டும் என்பதைச் சென்ற பரிசளிப்பு விழாவன்றுதான் கற்றேன்.

நான் முறையாகக் கற்றவன் அல்லேன். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்த காலத்தில், கையில் அகப்பட்ட பழந்தமிழ் நூல்களை அகராதியின் துணையோடு வாசித்துத் தேறியவன். தமிழாசிரியர் பதவி வெற்றிடமாகக் கிடந்தமையால் அயலிலுள்ள பாடசாலை என்னைச் சம்பளமில்லாத் தொண்டராசிரியராக அழைத்தது. உலோபிகளைப் புகழ்வதுபோல இகழ்ந்த பழம்புலவர்களின் பாடல்களை அங்கே கற்பித்து வருகிறேன்.

பாடசாலைக் கிணற்று மோட்டர் பழுதாகி மாதக்கணக்காயிற்று. பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தில் ஒரு சொட்டு நீர் இல்லை. என் வகுப்பின் மிகத் திறமையான மாணவி, கடற்றொழிலாளி ஒருவரின் மகள், அதனால் நண்பகலோடு வீடு போய்விடுவாள். இலக்கியப் பாடமோ பிற்பகலில்.

இந்நிலையில் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் பாடசாலைக்கு வழங்கியது என்ன? தம் தந்தையார் பெயர் பொறித்த அலங்கார வளைவு. கிணற்றுக்குள் கிடக்கும் மோட்டரில் பெயர் பொறித்தால் அதை யார் வாசிப்பது?

விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, வாழ்த்துப்பா வாசித்து, அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கையளிப்பது எங்கள் வழக்கம். பாடசாலை அதிபர் அவருக்கான வாழ்த்துப்பாவை என்னிடம் கேட்டார். "நான் எழுதுறன் சேர்" என்று அம்மாணவி அப்பணியை ஏற்றுக்கொண்டாள். எழுதி வந்ததை வாசித்து மெய்சிலிர்த்தேன். வளைவின் நிழலை மொண்டு குடித்தோம், அந்நிழலிலேயே கைகால் கழுவினோம், வற்றாத வளைவைத் தந்த வள்ளலே, நின் கொடை கண்டு மழையும் நாணி ஓடியது என்று விருத்தம் பாடியிருந்தாள்.

"விளங்கினால் உன்னை ஏசுவினம், பிள்ளை" என்றேன்.

"ஏசட்டும் சேர். ஏசேக்கை மோட்டரைப் பற்றியும் கதைக்கத்தானே வேணும்."

விழாவில் அவளே இராகத்தோடு வாசித்தாள். சபை கைதட்டியது. விருந்தினர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அதிபர் என் பக்கம் குனிந்து, "அருமை ஐயா. அடுத்த மாதம் கல்விப் பணிப்பாளர் வாறார். அவருக்கும் உதைப்போலை ஒண்டு வேணும்" என்றார்.

வசை கேட்டுச் சினக்கும் பகைவனை மன்னிக்கலாம். ஒரு சொல்லையும் கேளாமலே கைதட்டும் கூட்டத்தை எங்ஙனம் மன்னிப்பது? வாழ்த்துப்பாக்களைக் கேட்டுக் கேட்டு, புகழ் என்பது வெறும் ஓசை என்று பழகிவிட்ட செவிகள் அவை.

மறுநாள் வகுப்பில், நீர்வேலியிலிருந்து வரும் பையன் ஒருவன், "சேர், சுரணை இல்லாத ஆளுக்குப் பாடினால் அது அங்கதமோ, தாலாட்டோ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தனர். என்னிடம் ஒன்று சொல்வதற்காகவே அன்று வீடு போகாமல் காத்திருந்த அம்மாணவி சிரிக்கவில்லை.

"நான் பாடத்தை மாத்தப்போறன் சேர். மனைப்பொருளியல் காலமையிலை நடக்குது."

வாழ்த்துப்பாவின் இன்னொரு பிரதி அதிபரின் அறைவாசலில் தொங்கியது. வீட்டிலிருந்து வெற்று வாளியொன்றைக் கொண்டுபோய் அதன் கீழே வைத்தேன்.

"உதை ஆர் இஞ்சை வைச்சது?" என்றார் அதிபர்.

"நான்தான். பாட்டுக்கு உரை."

வாளியைப் பார்த்தார். பின்னர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, பாட்டை முதலடியிலிருந்து வாசித்தார். முகம் கறுத்தது.

"படிச்ச மனுசன் செய்யிற வேலையோ ஐயா இது?"

"நான் படிக்காதவன். பள்ளிக்கூடம் நடத்துறது நீங்கள்."

பிற்பகலில் சட்டமும் வாளியும் அகற்றப்பட்டிருந்தன. மோட்டர் கிடந்தபடியே கிடக்கிறது. பாடம் மாற்றுவதை வெள்ளிக்கிழமைவரை பொறுக்கும்படி அம்மாணவியைக் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் இன்னும் வாளிகள் உள்ளன.