பதினான்காம் எண்காரனின் முதுகு

லைல் பொரோவெட்ஸ் பதினோரு வருடம் ஐஸ் ஹாக்கி ஆடிச் சம்பாதித்தவன். அதில் மேல்லீக்கில் ஆடியது ஏழே ஆட்டம். மற்றதெல்லாம் சின்ன லீக்தான்; பேருந்திலேயே தூக்கம், பெட்ரோல் பங்க் சாண்ட்விச். ஆனால் கனடாவின் சஸ்காட்செவனில் எண்ணூறு பேர் வசிக்கும் எங்கள் ஊருக்கு அந்த ஏழு ஆட்டம் தாராளம். நான் அவனோடு மூன்று சீசன் ஆடினேன். பிறகு அவன் தங்கையைக் கட்டிக்கொண்டேன்.

அவனுக்கு இருபத்துநான்கு வயதில் நடந்தது இது. அரையிறுதி ஆட்டம். எதிரணியின் கென்ட் ஆபர்க் களத்தின் மூலையில், பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை எடுக்கக் குனிந்திருந்தான். லைல் பின்னாலிருந்து முழு வேகத்தில் வந்து மோதினான். கென்டின் தலை, களத்தைச் சுற்றி மேலே கண்ணாடி பதித்திருந்த பலகைச் சுவரில் முட்டியது. கழுத்தில் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவன் ஆடவே இல்லை.

விசாரணையில் லைல், "கடைசி நொடியில முதுகைக் காட்டித் திரும்பிட்டான் சார், என்னால நிறுத்த முடியல" என்றான்.

என்னையும் கேட்டார்கள். "நான் தண்ணி குடிச்சிட்டிருந்தேன், பார்க்கல" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான்.

லைலுக்குப் பத்து ஆட்டம் தடை. அடுத்த சீசனில், முரட்டு ஆள் ஒருவன் தேவைப்பட்டதால், மேல்லீக் அணி அவனைக் கூப்பிட்டது. அந்த ஏழு ஆட்டமும் அப்படி வந்ததுதான்.

போன பிப்ரவரியில் அவனுடைய ஜெர்சியை ஊர் ஹாக்கி அரங்கின் கூரையில் தொங்கவிட்டுக் கௌரவிக்க விழா வைத்தார்கள். பெரிய திரையில், தூரத்திலிருந்து எடுத்த மங்கலான வீடியோவில் அந்த மோதலைப் போட்டார்கள். கூட்டம் கைதட்டியது. "அப்படித்தான்டா போடணும்!" என்று யாரோ கத்தினார்கள். லைல் மைக்கை வாங்கினான். காது வரை சிவந்திருந்தான்.

"அவன் திரும்பல. முதுகைத்தான் காட்டிட்டு நின்னான். அதுல பதினாலுன்னு எழுதியிருந்ததைப் படிச்சேன். நிறுத்த நேரம் இருந்துச்சு. நிறுத்தல. அப்புறம் பொய் சொன்னேன்."

மேயர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "நம்ம லைலுக்கு ரொம்பத்தான் அடக்கம்..."

"அடக்கம் இல்லைங்க, அசிங்கம்" என்று சொல்லிவிட்டு லைல் இறங்கினான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் என்னை வண்டியில் ஏறச் சொன்னான். கென்டின் ஊருக்கு மூன்று மணி நேரம். கென்ட் அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். கழுத்து திரும்பாததால், எங்களைப் பார்க்க உடம்போடு திரும்பினான்.

லைல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"இது எனக்குத் தெரியாதா? முன்னாடி கண்ணாடியில உன் மூஞ்சி தெரிஞ்சுது. அன்னிக்கே சொன்னேன், ஒருத்தனும் நம்பல. தோத்துப்போன கடுப்புன்னான். எங்க அப்பாவே, போனது போகட்டும், விட்டுத்தொலைன்னாரு. அது இடிச்சதைவிட வலிச்சுது." பிறகு என்னைப் பார்த்தான். "நீதானே தண்ணி குடிச்சிட்டிருந்தவன்?"

"பார்த்தேன், கென்ட்" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் எங்கிட்ட கேட்காதீங்க. நடந்ததை எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. லீக்குக்கு ஒண்ணு, பேப்பருக்கு ஒண்ணு. மூணு மணிக்கு நான் பிள்ளைங்களை ஏத்தணும்."

அவன் வீட்டுச் சமையலறை மேசையிலேயே எழுதினோம். லைல் அடித்து அடித்து எழுதியதில் இரண்டு தாள் வீணாயிற்று. கென்ட் கடிதத்தை நின்றபடியே படித்தான். "என் அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

லீக் பதில் போடவில்லை. பேப்பரில் ஆறு வரி வந்தது. ஊரில் சிலர் இப்போது லைலிடம் பேசுவதில்லை, ஜெர்சியும் தொங்கவில்லை. என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்கிட்டகூட ஏன் சொல்லல?"