பூட்டிய வீட்டின் இரண்டு வாளிகள்

அமுதவல்லி பதினான்கு வருஷமாக நகராட்சியில் குப்பை எடுக்கிறாள். எந்த வீட்டில் விருந்து, எந்த வீட்டில் நோய் என்று வாளியைக் கவிழ்க்கும்போதே தெரிந்துவிடும். மக்கும் குப்பையைப் பச்சை வாளியிலும் மக்காததை நீல வாளியிலும் பிரித்துத் தர வேண்டுமென்று உத்தரவு வந்து, கதவுதோறும் க்யூஆர் அட்டை ஒட்டினார்கள். வாளியை வாங்கியதும் அவள் அதை ஸ்கேன் செய்ய வேண்டும்.

அவள் தெருக்களில் ஒழுங்காகப் பிரித்தவள் தனியாக இருந்த சின்னாயி ஒருத்திதான். தை மாதம் அவள் இறந்தாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன மகன் குமரகுருவுக்குத் தகவல் சொல்லக்கூட வழியில்லை. உறவுக்காரர்களே காரியத்தை முடித்து வீட்டைப் பூட்டினார்கள்.

பூட்டிய எட்டாம் நாள் காலை, அந்தக் கதவுக்கு முன்னால் இரண்டு வாளிகளும் இருந்தன. பச்சையில் முருங்கைக்காய்ச் சக்கை, வெற்றிலைக் காம்பு. நீலத்தில் கழுவிக் காயவைத்த எண்ணெய்க் கவர். சின்னாயி அப்படித்தான் கழுவிப் போடுவாள். அமுதவல்லி விசாரித்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் வைக்கவில்லை என்றார்கள்.

மறுநாளும் இருந்தன. அதற்கு மறுநாளும். செத்தவள் வீட்டை ஏன் ஸ்கேன் செய்கிறாய் என்று சூப்பர்வைசர் பாலசுந்தரம் கேட்டார். அழைத்து வந்து காட்டினாள். அவர் வாளிகளைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து வாளிகள் வருவது நின்றது. முதல் நாள் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள்தான், கடைசியாக வந்த பச்சை வாளியில் வேகவைக்காத முருங்கை ஈர்க்கு மட்டுமே கிடந்தது நினைவுக்கு வந்தது. பசித்த ஆள் பச்சையாகத் தின்ற மிச்சம். கதவைத் தட்டினாள்.

"உள்ள யாருங்க?"

கதவின் அடியில் நகம் கீறும் சத்தம் கேட்டது.

அவள் சொல்ல, பாலசுந்தரம் ஆட்களோடு வந்து பூட்டை உடைத்தார். எலும்பும் தோலுமாகக் கிடந்தான் குமரகுரு. தாயின் சாவுக்குப் பிந்தி வந்தவன், வெட்கத்தில் யார் முகத்திலும் விழிக்காமல் பின்சுவர் ஏறி உள்ளேயே இருந்துவிட்டான்.

"வாளியெல்லாம் நீதான் வெச்சியா சாமி?" என்று அமுதவல்லி கேட்டாள்.

"அம்மா பிரிச்சுக் குடுக்குமுங்க. நான் கொண்டாந்து வெப்பேன். மூணு நாளா அம்மாவைக் காணோம்."

இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து உடம்பு தேறி வந்தான். இப்போது காலையில் வாளிகளோடு வாசலில் அவனே நிற்கிறான். பிரித்தது பிசகுவதில்லை.

வீட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது ஊட்டுல எத்தனை பேர் என்று கேட்டாள். ரெண்டு என்றான். அமுதவல்லி ரெண்டு என்றே பதிந்துவிட்டு வண்டியை நகர்த்தினாள்.