கத்தாத பிறேக்

போர்க்காலத்தில் நான் சீனன்குடாப் பக்கம் சயிக்கிளில் வேலைக்குப் போய் வந்தனான். சரிவான பாதையின் அடியில் ஆமிச் சென்றி, துவக்கோடு காவல் நிற்பார்கள். கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, சயிக்கிளை உருட்டிக்கொண்டுதான் கடக்கவேணும். பிறேக் பிடித்தால் கீச்சென்று கத்தும். ஆமிக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பயமாயிருக்கு என்று கணவரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை, "இனிக் கத்தாது, பயப்படாமல் போ" என்றார்.

சரிவில் பிறேக்கைப் பிடித்தேன். சத்தமில்லை. சயிக்கிளும் நிற்கவில்லை. இன்னும் இறுக்கினேன், வேகம் கூடியது. ஆமிக்காரன் ஏதோ கத்தியபடி துவக்கை நீட்டினான். "பிறேக் இல்லை! பிறேக் இல்லை!" என்று தமிழில்தான் அலறினேன். ஹாண்டிலை ஒடித்துத் திருப்பி முள்ளுப்பற்றைக்குள் விழுந்தேன்.

துவக்கை இறக்காமலே கிட்ட வந்தவன், சில்லைத் தொட்டு விரலை மணந்து பார்த்தான்.

"தேங்காய் எண்ணெய்?" என்று கொச்சைத் தமிழில் கேட்டான்.

அப்போதுதான் விளங்கியது. சத்தம் போகட்டும் என்று மனுசன் பிறேக் கட்டைக்கே எண்ணெய் பூசியிருக்கிறார்!

"ஓம்" என்றேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

அன்றே சில்லையும் கட்டையையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். இன்றைக்கும் எண்ணெய்ப் போத்தலோடு அவரைச் சயிக்கிள் பக்கம் விடுவதில்லை. வீட்டு வாசல் படலையடியில் பிறேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். அது கத்தினால்தான் எனக்கு மூச்சு வரும்.