பாப்பாக்கா சொன்ன பொய்

அந்த டே கேரில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் அறை அவள் பொறுப்பில் இருந்தது. அதனால் எல்லாருக்கும் அவள் பாப்பாக்கா. நாற்பத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை. காலை ஏழரைக்கு வந்ததும் பாய்களைத் துடைப்பாள். பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயரை எழுதி ஒட்டுவாள். யார் எத்தனை மணிக்குக் குடித்தது, எப்போது தூங்கியது என்று சுவரில் தொங்கும் அட்டையில் குறிப்பாள். அறையில் இருக்கும் ஒன்பது குழந்தைகளும் சேர்ந்து அழுதாலும் எது பசி, எது தூக்கம், எது சும்மா ஊரைக் கூட்டுகிற அழுகை என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. மூன்று முறை உண்டாகி, மூன்றும் தங்கவில்லை.

கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஆறடி உயரம், தோள்வரை முடி, மார்பைத் தொடும் தாடி, லீவு நாளானால் மண்டையோடு போட்ட கறுப்பு டீ ஷர்ட். ஹெவி மெட்டல் பாட்டென்றால் அவருக்கு உயிர். தெருவில் அவரைப் பார்த்ததும் பெண்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். கஞ்சா அடிக்கிறவன் என்று பக்கத்து வீட்டில் ஒரு பேச்சு, சாத்தானைக் கும்பிடுகிறவன் என்று எதிர் வீட்டில் ஒரு பேச்சு. உண்மையில் மனிதர் அடுத்தவருக்கு ஊசி போடுவதைப் பார்த்தாலே மயங்கி விழுவார். கரப்பான் பூச்சியை அடிக்க மனைவியைக் கூப்பிடுவார். குடி, சிகரெட் எதுவும் கிடையாது; அந்த நாற்றமே அவருக்கு ஆகாது.

கல்யாணமான புதிதில் அவளுக்கும் அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. ஒருநாள் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "ஏம்மா, மிக்ஸி பிளேடு உடைஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, பாட்டு."

"பாட்டா?" என்று சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, "யாருக்கு என்ன வலியோ, பாவம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மூன்றாவது கருவும் கலைந்த மாதம், வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள் ஒருத்தி. "உடம்பு தேறட்டும், அடுத்தது தங்கும்" என்றார் இன்னொருவர். கணவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் போன பிறகு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். தன் ஹெட்ஃபோனை எடுத்து அவள் காதில் மாட்டிவிட்டார். பாட்டில் யாரோ ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிற வீட்டில், பத்து நாளாக அவள் கத்த முடியாமல் விழுங்கி வைத்திருந்ததை அவன் கத்துவது போலிருந்தது. அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். பாட்டு முடிய முடிய அவர் மறுபடியும் போட்டுக்கொண்டே இருந்தார். அதிலிருந்து அது அவளுடைய பாட்டாகவும் ஆகிவிட்டது.

ஒரே ஒருமுறை வெளியூரில் ஒரு கச்சேரிக்குப் போனார்கள். மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை. முன்வரிசையில் ஆட்டம் முற்றியபோது கூட்டம் தள்ளி அவள் கீழே விழுந்தாள். மிதிபட்டுச் செத்தோம் என்றே நினைத்தாள். கண்ணிமைக்கும் நேரத்தில், கையெல்லாம் பச்சை குத்திய நாலு பையன்கள் கைகோத்து அவளைச் சுற்றி வேலி மாதிரி நின்றார்கள். ஒருவன் தூக்கிவிட்டான். இன்னொருவன் அறுந்த செருப்பைத் தேடிக் கொண்டுவந்து, "அக்கா, அடி பட்டுச்சா? தண்ணி வேணுமா?" என்றான். கணவர் ஓடி வந்து பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவர் அவளை ஒரு படம் எடுத்தார்: மண்டையோட்டு டீ ஷர்ட், கலைந்த முடி, ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நீட்டிய கை. அந்தக் கூட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் கையை உயர்த்துவார்கள்.

அவர் ஐம்பதைத் தாண்டவில்லை. ஒரு கடையின் மொட்டை மாடியில் ஏசி மாட்டப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார், எழவில்லை. சாவுக்கு அவருடைய நண்பர்கள் ஏழெட்டுப் பேர் தாடியும் சடையுமாக வந்து நின்றார்கள். "இந்தக் குடிகாரப் பசங்களை யாரு உள்ளே விட்டது?" என்று அவளுடைய அண்ணன் முணுமுணுத்தார். அவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டதும், எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டதும் அவர்கள்தான். குடித்துவிட்டு வந்து வாசலில் விழுந்து கிடந்தது அண்ணனின் மைத்துனர்.

அதற்குப் பிறகு அவளுக்கு உலகத்தில் இரண்டுதான். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் காதில் அவர் பாட்டு; இடையில் குழந்தைகள்.

அதிலும் ஒரு குழந்தை. எல்லாரும் சுண்டு என்று கூப்பிடுகிற பெண் குழந்தை. ஏழு மாதத்தில் வந்து சேர்ந்தது. அம்மா இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. பாயில் போட்டால் தூங்காது, தொட்டிலில் போட்டால் தூங்காது. பாப்பாக்காவின் மார்பில் குப்புறக் கிடந்து, அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டால்தான் கண் மூடும். பேச வந்தபோது முதலில் சொன்னது 'பாக்கா'. அதைக் கேட்டு அந்தத் தாயின் முகம் ஒரு நொடி வாடியதைப் பாப்பாக்கா பார்த்தாள். "அம்மாவைத்தான் அப்படிச் சொல்லுது, நாக்கு இன்னும் திரும்பலை" என்று சமாளித்தாள்.

கணவர் இறந்து இரண்டாவது வருடம் முடிந்த நாளில், செல்போனில் வாட்ஸ்அப் முகப்புப் படத்தை மாற்றினாள். கச்சேரியில் அவர் எடுத்த அந்தப் படத்தை வைத்தாள். அவர் கண் வழியாகத் தன்னைப் பார்க்கிற ஒரே படம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. குழந்தைகள் சாப்பிடுவதையும் தூங்குவதையும் படமெடுத்து அனுப்புவதற்காக அவளுடைய நம்பர் எல்லாத் தாய்மாரிடமும் இருந்தது என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

மறுநாளே பெற்றோர் குழுவில் பேச்சு கிளம்பியது. அது என்ன மண்டையோடு? அது சாத்தான் அடையாளம்தானே? இந்தப் பாட்டு கேட்கிறவர்கள் போதையில் இருப்பார்களாமே? போன வாரம் ஒரு பையன் கையில் பல் பதிந்திருந்தது. பக்கத்துக் குழந்தை கடித்தது என்று அட்டையில் அவளே எழுதியிருந்தாள். இப்போது அது யார் பல் என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் டே கேர் நடத்துகிற மேடம் கூட்டம் போட்டார். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் ஐந்து பேர் முழங்கால் மடங்க உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு நாற்காலி போதவில்லை, நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்று ஒரு தந்தை ஆரம்பித்தார். "ஒரு விளக்கம் கேக்கிறோம், அவ்வளவுதான். குழந்தைங்களுக்கு அந்த மாதிரிப் பாட்டெல்லாம் போட்டுக் காட்டுவீங்களா?"

"ஐயோ, இல்லைங்க சார். ஒருநாள் கூட இல்லை."

"நீங்க மட்டும் கேப்பீங்க?"

சுண்டுவின் அம்மா தலை குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அறைக்கு வெளியே, மேடத்தின் மகளிடம் விட்டிருந்த சுண்டு, "பாக்கா, பாக்கா" என்று கதவைத் தட்டுவது கேட்டது. அந்தச் சத்தம்தான் அவளைக் கவிழ்த்தது. இந்த வேலை போனால் இந்தச் சத்தமும் போய்விடும் என்ற ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது.

"அது எங்க வீட்டுக்காரரோட பைத்தியம்ங்க" என்றாள். "எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனாரு. அந்தச் சட்டையும் அவருதான் போடச் சொன்னாரு."

அறையில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். முகங்கள் இளகின. "பாவம்" என்றாள் ஒரு தாய். "நினைச்சேன். நம்ம பாப்பாக்காவைப் பாத்தா அப்படித் தெரியலையேன்னு."

கேள்வி கேட்ட தந்தை குரலைத் தணித்துக்கொண்டு, "அவருக்கு அந்தப் பழக்கமெல்லாம் இருந்துச்சாக்கா? போதை, அது இது? உங்களை அடிப்பாரா?" என்று கேட்டார்.

 அவள் தலையைக் குனிந்து, ஆமாம் என்பதுபோல் லேசாக ஆட்டினாள்.

அவ்வளவுதான். தன்னை ஒரு சொல் அதட்டாத மனிதனைக் குடிகாரனாகவும் பெண்டாட்டியை அடிக்கிறவனாகவும் ஆக்குவதற்கு ஒரு தலையசைப்பு போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பாய்களைத் துடைத்து முடிப்பதற்குள் மேடம் அவளை உள்ளே கூப்பிட்டார். நல்ல பெண்மணிதான், கண் கலங்கியிருந்தது. "எனக்கு உங்க மேல ஒரு சந்தேகமும் இல்லைக்கா. ஆனா மூணு பேர் பிள்ளையை நிறுத்திடுவேன்னு சொல்றாங்க. அப்படிப்பட்ட குடும்பத்துலேர்ந்து வந்தவங்க வேண்டாம்ங்கறாங்க. என் நிலைமையைக் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க."

காப்பாற்றும் என்று நினைத்துச் சொன்ன பொய்யே கதவைச் சாத்தியது. சுண்டு அன்றைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. வரும்வரை இருக்கட்டுமா என்று கேட்டாள். "வேண்டாம்க்கா, குழந்தை அழும்" என்றார் மேடம்.

வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனை எடுத்தாள். காதில் வைக்க முடியவில்லை. கணக்கு வாத்தியாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அண்ணி, அவன் இருந்திருந்தா அவனே உங்களை அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பான். என் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கோன்னு சொல்லிச் சிரிச்சிருப்பான்."

"அவரு சொல்லியிருந்தா அது வேற தம்பி. நானா சொன்னேனே."

இரண்டு வாரம் கழித்து நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்தாள். அவர்கள் முகத்தில் விழிக்க அவளால் முடியவில்லை.

பிறகு ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் விட்டு, மறுபக்கம் சூடாக வருவதை இரண்டு பேராகப் பிடித்து மடிக்க வேண்டும். எதிரில் நிற்பவள் வாயாடி. சதா ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். இவளும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். பேருந்தில் வெறுங்காதோடு போய் வந்தாள்.

ஒன்றேகால் வருடம் போயிருக்கும். ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் இருமல் மருந்துக்காக வரிசையில் நின்றபோது, முன்னால் சுண்டுவின் அம்மா நின்றாள். காலைக் கட்டிக்கொண்டு சுண்டு. நன்றாக வளர்ந்திருந்தது, இரட்டைச் சடை.

"சுண்டு" என்று குனிந்தாள் பாப்பாக்கா.

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறகு அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"ஆன்ட்டிக்கு ஹாய் சொல்லு" என்றாள் தாய். குழந்தை தலையாட்டி மறுத்தது. "மன்னிச்சுக்கோங்கக்கா, சின்னதுல பாத்தது, மறந்திருச்சு. நீங்க போனப்புறம் ஒரு மாசம் தூங்கவே இல்லை. ரொம்பத் தேடுச்சு." கொஞ்சம் தயங்கி, அவள் கையைத் தொட்டாள். "உங்க வீட்டுக்காரர் விஷயம் கேட்டு எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுக்கா. எப்படித்தான் தாங்கினீங்களோ. இப்பவாச்சும் நிம்மதியா இருக்கீங்களா?"

வரிசையில் நின்ற பத்துப் பேர் முன்னால், அடக்க முடியாமல் பாப்பாக்காவின் குரல் உயர்ந்தது.

"அவரு ஒருநாள் கூடக் குடிச்சதில்லைங்க. ஒரு தடவை என்மேல கை வெச்சதில்லை. அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். அவரை விட எனக்குத்தான் பிடிக்கும். வேலை போயிடக் கூடாதேன்னு அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

சுண்டுவின் அம்மா அவளையே பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபமில்லை, சந்தேகமில்லை. இரக்கம்தான் இருந்தது, முன்பைவிட அதிகமாக இருந்தது.

"சரிக்கா" என்றாள் மெதுவாக. "புரியுது. செத்துப் போனவங்களைப் பத்தித் தப்பாச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? விடுங்க. நடந்ததெல்லாம் போகட்டும்."

"இல்லைங்க, நிஜமாவே..."

"விடுங்கக்கா. உடம்பைப் பாத்துக்கோங்க."

மருந்தை வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போனாள். கடைக்காரர் "அடுத்து யாருங்க?" என்று கேட்டார். இரண்டாவது முறை கேட்டபோதுதான் பாப்பாக்கா சீட்டை நீட்டினாள்.